நகரப் பூங்காக்களின் காப்பும் வளர்ச்சியும்

நகரம் என்பது வீடுகளும் வீதிகளும் மட்டும் சேர்ந்த தொகுதியன்று. வீட்டிற்கு முற்றம் எத்தகையதோ, நகரத்திற்குப் பொதுவெளி அத்தகையது. முற்றமில்லாத வீட்டில் காற்றும் வெளிச்சமும் குறைதல்போலப் பொதுவெளியில்லாத நகரத்தில் உடல்நலமும் உள்ளக் கிளர்ச்சியும் குறையும். இவ்வுண்மையை மறுப்பார் எவருமிலர். ஆயினும், எவரும் மறுக்காத உண்மைகளே உலகிற் பெரிதும் புறக்கணிக்கப்படுகின்றன. பூங்கா வேண்டாம் என்று சொல்லும் நகரசபை எங்குமில்லை. அமைத்த பூங்காவை இரண்டு தலைமுறைக்காலம் குறைவின்றிக் காத்த நகரசபைகளோ மிகச் சில. ஆதலின், பூங்காவை அமைப்பது எங்ஙனம் என்பதினும், அமைத்ததனைக் காத்து வளர்ப்பது எங்ஙனம் என்பதே நாம் ஆராய்தற்குரிய பொருளாகும். இதனைச் சென்னை மாநகரின் வரலாற்றைக் கொண்டும், கடல்கடந்த நியூயார்க் நகரின் அனுபவத்தைக் கொண்டும் இக்கட்டுரையில் ஒருவாறு ஆராய்வோம்.

1. பொதுவெளி என்னும் கருத்து

தமிழ்மக்களுக்குப் பொழில் புதியதன்று. பொழில், சோலை, கா, தண்டலை, பொதும்பர் என மரமடர்ந்த இடத்திற்கு நம் மொழி பல பெயர்களை வழங்கியிருக்கின்றது. ஊர்நடுவே மரத்தடியில் யாவரும் கூடும் இடத்திற்கு மன்றம் என்றும் பொதியில் என்றும் பெயர். மணிமேகலையின் மலர்வனம் புக்க காதையில், காவிரிப்பூம்பட்டினத்து இலவந்திகை, உய்யானம், சம்பாதி வனம், கவேர வனம், உவவனம் ஆகிய சோலைகள் பேசப்படுகின்றன. அவற்றுள் இலவந்திகை அரசனைச் சார்ந்தோர் உலவும் இடமென்பது அங்கே குறிக்கப்படுகின்றது. ஒரே நகரத்தில் அரசர்க்குரிய சோலையும், பிறர் செல்லத்தக்க சோலையும் வேறுவேறாக இருந்தன என்பது இதனால் விளங்கும். சென்னையிலுள்ள மந்தைவெளி என்னும் பகுதியின் பெயரையும் எண்ணிப் பார்க்கலாம். கால்நடை மேய்ந்த திறந்தவெளி இன்று பெயரளவில் நிற்கின்றது, மந்தையுமில்லை, வெளியுமில்லை.

எனினும், வரிப்பணத்தைக் கொண்டு எல்லா வகுப்பினர்க்கும் உரியதாக நகரசபையார் பூங்கா அமைத்தல் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருப்பெற்ற வழக்கமாகும். இங்கிலாந்தில் ஆலைத்தொழில் பெருகி, நகரங்களில் மக்கள் நெருங்கிப் புகையிலும் அழுக்கிலும் வாழத் தலைப்பட்டபோது, இதன் இன்றியமையாமை உணரப்பட்டது. லிவர்ப்பூல் நகருக்கு எதிர்க்கரையிலுள்ள பர்க்கன்ஹெட் என்னும் ஊரில், ஜோஸப் பாக்ஸ்டன் என்பார் வகுத்த பூங்கா 1847-ஆம் ஆண்டில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. 1850-ஆம் ஆண்டில் அவ்வூருக்குச் சென்ற பிரெடரிக் லா ஓம்ஸ்டெட் என்னும் அமெரிக்கர், செல்வரும் வறியரும் ஒரே புல்வெளியில் ஒப்ப உலவுதலைக் கண்டு வியந்தார். அவ்வியப்பு வீணாகவில்லை. 1858-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் மத்தியப் பூங்காவுக்காக நடந்த போட்டியில், அவரும் கால்வெர்ட் வாக்ஸ் என்பவரும் கூடி வரைந்த திட்டமே தெரிந்தெடுக்கப்பட்டது.

அதே காலத்தில் சென்னையிலும் இக்கருத்து வேரூன்றியது என்பது நம்மவருட் பலர் அறியாத செய்தி. அதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

2. சென்னை மக்கள் பூங்காவின் வரலாறு

1859-ஆம் ஆண்டில் ஸர் சார்லஸ் டிரவெல்யன் சென்னைக்குக் கவர்னராக வந்தார். இந்திய சர்க்காரின் வரித்திட்டத்தை வெளிப்படையாக எதிர்த்தமையால் அடுத்த ஆண்டே அவர் திருப்பியழைக்கப்பட்டார். அக்குறுகிய காலத்தில் அவர் தொடங்கிவைத்த நற்செயல்களுள் ஒன்று, பிற்காலத்தில் ஜார்ஜ் டவுன் எனப்பெயர் பெற்ற பழைய நகரின் மேற்கே, ஒரு பெரும் பூங்காவை அமைத்தமையாகும். அதற்கு இட்ட பெயரே அதன் நோக்கத்தை விளக்கும்: மக்கள் பூங்கா. அதன் பரப்பு 116 ஏக்கர் என்பர். குளங்களும், வண்டிப் பாதைகளும், இசைக்குழுவினர் வாசிக்கும் மேடையும் அதனுள் அமைந்தன. அருங்காட்சிச்சாலையில் எட்வர்ட் பால்பர் என்பார் 1855-ஆம் ஆண்டில் தொடங்கிய விலங்குக்காட்சியும் பின்னர் இப்பூங்காவிற்கே கொண்டுவரப்பட்டது. அதனையடுத்த பகுதி இன்றும் பார்க் டவுன் என்றே வழங்குகின்றது.

இத்தகைய பெரும் பூங்கா இப்பொழுது எங்கே? சென்னை சென்ட்ரல் நிலையத்தில் இறங்குவோர் அதனைத் தேடிக் காணவியலாது. அதன் கதையை ஆண்டுவாரியாக அடுக்கிப் பார்த்தாலன்றி அது மறைந்த விதம் புலப்படாது.

1880-களில் விக்டோரியா பொது மண்டபம் எழுந்தது. நகரமக்கள் கூடிச் சொற்பொழிவு கேட்கவும் நாடகம் காணவும் ஓர் மண்டபம் வேண்டுமன்றோ? 1900-ஆம் ஆண்டில் மூர் மார்க்கெட் திறக்கப்பட்டது. நெருக்கடியான தெருவில் நடந்த சந்தைக்கு நல்லதோர் இடம் வேண்டுமன்றோ? 1913-ஆம் ஆண்டில் நகராண்மைக் கழகத்தாரின் ரிப்பன் கட்டடம் நிறைவெய்தியது. நகரத்தை ஆள்வோர்க்கு ஓர் அலுவலகம் வேண்டுமன்றோ? பின்னர் விளையாட்டரங்கம் தோன்றியது. அது 1993-ஆம் ஆண்டில் பெரிதாகப் புதுக்கிக் கட்டப்பெற்று, ஜவாஹர்லால் நேரு பெயரால் விளங்குகின்றது. 1985-ஆம் ஆண்டில் மூர் மார்க்கெட் தீக்கிரையானபின், அந்நிலம் மீண்டும் புல்வெளியாகவில்லை. புறநகர் ரெயில் நிலையக் கட்டடங்கள் ஆண்டு எழுந்தன. அவ்வாண்டிலேயே விலங்குக்காட்சிச்சாலை வண்டலூருக்கு மாற்றப்பட்டது. மை லேடீஸ் கார்டன் என வழங்கும் சிறு பூந்தோட்டம் போன்ற சில துண்டுகளே எஞ்சின.

இங்கு நாம் ஊன்றி நோக்கவேண்டியது ஒன்றுண்டு. இப்பூங்காவை எவரும் பகைமையால் அழித்திலர். இதன்மேல் எழுந்த கட்டடங்கள் ஒவ்வொன்றும் பொதுமக்களின் நன்மைக்கென்றே எழுந்தவை. அவற்றுட் சில நகரத்தின் அணிகலன்களாகவும் நிற்கின்றன. ஒவ்வொரு முறையும் கேட்கப்பட்ட நிலம் சிறிது; கூறப்பட்ட காரணம் பெரிது. நூறு ஏக்கரில் ஐந்து ஏக்கரைக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்னும் வினாவுக்கு எளிதில் விடை கூறவியலாது. ஆனால் அவ்வினா இருபது முறை கேட்கப்படுமாயின், நூறு ஏக்கரும் போய்விடும் என்பது கணக்கறிந்த சிறுவனுக்கும் தெரியும். எறும்பூரக் கல்லும் தேயும் என்னும் பழமொழிக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஆக, பொதுவெளியின் பெரும்பகைவர் வேலியைப் பெயர்த்து நுழையும் தனிமனிதர் என்று எண்ணுதல் தவறு. அவரைக் காவலர் கொண்டு விலக்கலாம். நல்ல காரணத்தோடு வரும் மற்றொரு பொதுப்பணியே விலக்கற்கரிய பகையாகும். பூங்காவிலுள்ள வெற்றிடம் பயனற்றுக் கிடக்கும் நிலம் என்று காண்பார் கண்ணுக்குத் தோன்றுதலே இதற்கு மூலகாரணம். வெற்றிடமாக இருத்தலே அதன் பயன் என்பதை உணர்த்தும் கல்வி நம் நாட்டில் இன்னும் பரவவில்லை.

3. சட்டத்தின் துணை

சுவரை வைத்துக்கொண்டுதான் சித்திரம் எழுதவேண்டும். நிலம் நிலைத்தாலன்றிப் பூங்காவை வளர்ப்பது பற்றிப் பேசிப் பயனில்லை. இதற்குச் சட்டம் மூவகையில் துணைபுரிகின்றது.

முதலாவது, உள்ள பூங்காக்களைக் காக்கும் சட்டம். தமிழ்நாட்டில் பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் ஆகியவற்றைப் பாதுகாக்கவும் ஒழுங்குபடுத்தவும் 1959-ஆம் ஆண்டிலேயே தனிச்சட்டம் இயற்றப்பட்டது. கன்னட நாட்டில் அரசாங்கப் பூங்காக்களைக் காக்கும் சட்டம் 1975-ஆம் ஆண்டில் பிறந்தது. பெங்களூரின் கப்பன் பூங்கா, லால்பாக் ஆகியவற்றின் எல்லை பற்றிய வழக்குகளில் இச்சட்டம் பேசப்படுதலைக் காணலாம்.

இரண்டாவது, புதிய பூங்காக்களுக்கு நிலம் பெறும் விதி. நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்போர், அம்மனைப்பிரிவு பெரிதாயின், சாலைக்கு விட்டது போக எஞ்சிய பரப்பில் நூற்றுக்குப் 10 பங்கைப் பொதுவெளியாக ஒதுக்கவேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. ஆயினும், ஒதுக்கிய நிலம் வரைபடத்தில் மட்டும் பச்சை வண்ணத்தோடு விளங்க, நேரிற் சென்றால் கட்டடப் பொருள் குவியலும் குப்பை மேடுமாகக் காட்சியளித்தல் அரிதன்று. எழுத்தாவணத்தால் நகரசபைக்கு உரிமை மாறி, எல்லைக்கல் நட்டு, வேலியும் இட்டாலன்றி அந்நிலம் பொதுநிலம் ஆகாது.

மூன்றாவது, நீதிமன்றத்தின் துணை. பெங்களூரில் ஒரு குடியிருப்புப் பகுதியில் பூங்காவுக்கென ஒதுக்கப்பட்ட இடத்தைத் தனியார் மருத்துவமனை கட்டுவதற்கு மாற்றிக்கொடுத்தனர். அப்பகுதி மக்கள் வழக்காடினர். 1991-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம், அவ்வாறு மாற்றியது செல்லாதெனத் தீர்ப்பளித்தது. மருத்துவமனை நல்லதன்று என்பது இத்தீர்ப்பின் கருத்தன்று. பூங்காவுக்கென்று மக்களுக்கு வாக்களித்த நிலம் பூங்காவாகவே இருத்தல் வேண்டும், திட்டத்தை ஒருவர் விருப்பத்திற்கேற்ப மாற்றுதல் முறையன்று என்பதே கருத்து. வழக்காடியோர் அங்குக் குடியிருந்த சாதாரண மக்கள் என்பதும் நாம் நினைவில் வைக்கத்தக்கது. சட்டம் வாள் போன்றது. எடுப்பாரின்றி உறையிற் கிடக்கும் வாள் யாரையும் காவாது.

4. நியூயார்க் நகரம் கற்பிக்கும் பாடம்

சென்னைப் பூங்கா நிலத்தை இழந்து அழிந்தது. நிலம் ஓர் அங்குலமும் குறையாமலே ஒரு பூங்கா அழிவெய்தக்கூடும் என்பதற்கு நியூயார்க்கின் மத்தியப் பூங்கா சான்றாகும். அதன் பரப்பு 843 ஏக்கர். அதன் தோற்றத்திலேயே ஒரு கறையும் உண்டு. அப்பூங்காவிற்கென நிலம் எடுக்கப்பட்டபோது, செனகா வில்லேஜ் என்னும் பெயரால் அங்கு வாழ்ந்த கறுப்பின மக்களின் சிற்றூர் 1857-ஆம் ஆண்டில் அகற்றப்பட்டது. அவர்கள் சொந்தமாக வீடும் நிலமும் கோயிலும் பெற்றிருந்தவர்கள். அனைவர்க்கும் பொதுவென அமையும் பூங்காவும் சிலரை வெளியேற்றித்தான் அமையவேண்டுமா என்னும் வினா அன்றே எழுந்தது. இன்று நம் நகரங்களில் ஆற்றங்கரையிலும் ஏரிக்கரையிலும் பூங்கா அமைப்போரும் இதற்கு விடைகூறக் கடமைப்பட்டவர்கள்.

அப்பூங்கா நூறாண்டுக்கு மேலாக நகரத்தின் பெருமையாக விளங்கியது. ஆனால் 1970-களில் நகரசபையின் கருவூலம் வறண்டது. 1975-ஆம் ஆண்டில் நகரமே கடனிறுக்கவியலாத நிலையை நெருங்கியது. செலவைக் குறைக்கவேண்டி வந்தால் ஆட்சியாளர் எதனை முதலிற் குறைப்பர்? மருத்துவமனையை மூடினால் மக்கள் கூக்குரலிடுவர். தோட்டக்காரரை நீக்கினால் புல் கூக்குரலிடாது. ஆகவே புல்வெளி கட்டாந்தரையாயிற்று, இருக்கைகள் உடைந்தன, சுவர்களிற் கிறுக்கல்கள் நிறைந்தன, மாலைக்குப்பின் உள்ளே செல்ல மக்கள் அஞ்சினர். அஞ்சி மக்கள் செல்லாதொழியவே, தீயோர்க்கு அவ்விடம் பின்னும் வசதியாயிற்று.

1980-ஆம் ஆண்டில் எலிசபெத் பார்லோ ரோஜர்ஸ் என்னும் அம்மையாரும் அன்பர் சிலரும் முன்னின்று ஒரு காப்புக்கழகத்தை நிறுவினர். நகரசபையோடு கூடி உழைத்து, நன்கொடை திரட்டிப் பூங்காவைப் பகுதி பகுதியாக அவர்கள் சீர்திருத்தினர். சீர்திருத்தியதனினும் சிறந்தது, அதனை நிலைநிறுத்த அவர்கள் கண்ட முறை. முன்னெல்லாம் ஒரு குழு புல்வெட்டும். வேறொரு குழு குப்பை வாரும். மற்றொன்று மரம் கழிக்கும். எந்த இடமும் எவர் பொறுப்பிலும் இல்லை. பலர் கூடி அடித்த பாம்பு சாகாது என்பது போல, யாவரும் வந்து சென்றனர். குறை குறையாகவே நின்றது. 1990-களில் அப்பூங்காவை 49 வட்டங்களாகப் பிரித்து, வட்டத்திற்கு ஒரு தோட்டக்காரரைப் பொறுப்பாக்கினர். இன்ன மரத்திற்கு நோய், இன்ன குழாயில் ஒழுக்கு என்பதை அவர் அறிவார். அவ்வட்டத்திற்கு நாடோறும் வருவோரை முகமறிவார். அவர்களும் அவரை அறிவர். பொறுப்புக்கு ஒரு முகம் ஏற்பட்டது. இதுவே அச்சீர்திருத்தத்தின் உயிர்நிலை எனலாம்.

அந்நகரத்திலேயே பிரையன்ட் பூங்கா என்னும் சிறு பூங்காவின் வரலாறும் அறியத்தக்கது. உயர்ந்த வேலியாலும் அடர்ந்த செடிவரிசையாலும் தெருவினின்றும் மறைக்கப்பட்டிருந்த அவ்விடம், போதைப்பொருள் விற்போரின் புகலிடமாயிருந்தது. அதனைச் சிலகாலம் மூடிச் சீர்திருத்தி, 1992-ஆம் ஆண்டில் மீண்டும் திறந்தனர். மறைப்புக்களை நீக்கித் தெருவிலிருந்து உள்ளே பார்வை செல்லுமாறு செய்தனர், வாயில்களை மிகுவித்தனர், விரும்பிய இடத்திற்கு எடுத்துச்சென்று அமரத்தக்க இலேசான நாற்காலிகளை இட்டனர். மக்கள் திரண்டு வரவே தீயோர் தாமே விலகினர். பூங்காவிற்குச் சிறந்த காவல் மதிலன்று, மக்களின் நடமாட்டமே என்பது இதனாற் பெறப்படும்.

இவற்றைப் போற்றும்போதே ஓர் எச்சரிக்கையும் கூறுதல் வேண்டும். செல்வர் வாழும் பகுதியிலுள்ள பூங்காவுக்கு நன்கொடை குவியும். வறியோர் வாழும் பகுதியிலுள்ள பூங்காவுக்கு எவர் கொடுப்பர்? நன்கொடையை மட்டும் நம்பின், இருப்பவர்க்கே நிழலும் மிகும். ஆகையால் நன்கொடை நகரசபையின் கடமைக்குத் துணையாகலாமேயன்றி மாற்றாகாது.

5. அன்றாட நிருவாகம்

இனி, பூங்காவை நடத்துவோர் கருதவேண்டிய கூறுகளைச் சுருக்கமாகக் காண்போம்.

பணம். பூங்கா திறப்புவிழாவிற்குக் கல்வெட்டுண்டு, பராமரிப்புக்குக் கல்வெட்டில்லை. ஆதலின் அமைக்கும் செலவுக்குப் பணம் ஒதுக்குவோர் காக்கும் செலவை மறந்துவிடுகின்றனர். ஊஞ்சல் வாங்குவது ஒருநாட் செயல். அதன் சங்கிலிக்கு எண்ணெய் இட்டு, தேய்ந்த வளையத்தை மாற்றுவது என்றும் செய்யவேண்டிய செயல். புதிய பூங்கா ஒன்றுக்குத் திட்டம் வகுக்கும்போதே, ஆண்டுதோறும் அதற்காகும் செலவையும் கணக்கிட்டு, அதனைத் தரவல்ல வரவினத்தையும் குறித்தல் வேண்டும். இல்லையேல் மூன்றாம் ஆண்டிலே ஊற்றுக்கள் வறண்டு, விளக்குகள் அவிந்து போதல் உறுதி.

மரம். 2016-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் வர்தா என்னும் புயல் சென்னையைத் தாக்கியபோது ஆயிரக்கணக்கான மரங்கள் வீழ்ந்தன. விரைந்து வளர்ந்து அழகாகப் பூக்கும் மயில்கொன்றை, இயல்வாகை போன்ற வேற்றுநாட்டு மரங்கள் எளிதிற் சாய்ந்தன. அடிமரத்தைச் சுற்றிச் சிமெண்டு பூசி வேரை நெருக்கிய இடங்களில், மரம் வலுவிழத்தல் இயல்பேயாம். புங்கு, வேம்பு, நாவல், மகிழ், பூவரசு, இலுப்பை, நீர்மருது முதலியன இம்மண்ணுக்கு உரியவை. இவற்றைக் கலந்து நட்டு, அடியில் மண் திறந்திருக்குமாறு விட்டால், பறவைகளும் வரும், நிழலும் நிலைக்கும். உதிர்ந்த சருகை எரித்தல் பெருங்குற்றம். குழியிலிட்டு மக்கவிட்டால் அதுவே அடுத்த ஆண்டின் எரு.

நீர். 2015-ஆம் ஆண்டில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. 2019-ஆம் ஆண்டுக் கோடையில் குடிநீருக்கு அலைந்தது. நான்காண்டு இடைவெளியில் நேர்ந்த இவ்விரண்டும் ஒரே குறையின் இருமுகங்கள். பெய்யும் மழை தங்க இடமில்லை. தங்காத மழை வெள்ளமாகும், தங்காமையாலேயே பின்னர் வறட்சியுமாகும். பூங்காவின் ஒருபகுதியைத் தாழ்த்திக் குளமாக அமைத்துத் தெருநீர் அங்கு வந்து ஊறுமாறு செய்தால், அப்பூங்கா அத்தெருவுக்கு ஏரியாகவும் விளங்கும். சென்னை மாநகராட்சி இத்தகைய நீருறிஞ்சும் பூங்காக்களை அண்மைக்காலத்தில் அமைக்கத் தொடங்கியது வரவேற்கத்தக்கது. பரந்த புற்றரைக்கு நாளும் நீர் வேண்டும். நம் வெயிலுக்குப் புற்றரையினும் மரநிழலே ஏற்றது. நீர் பாய்ச்சுவதாயினும் குடிநீரை விடுத்து, தூய்மைசெய்த கழிவுநீரைப் பயன்படுத்துதல் தகும்.

வாயிலும் நேரமும். பூங்காக்கள் பல காலையிற் சிலமணி நேரமும் மாலையிற் சிலமணி நேரமும் மட்டும் திறந்திருக்கின்றன. நடைபயில்வோர்க்கு இது போதும். ஆனால் நண்பகலில் நிழலை நாடுவோர் யார்? வெயிலிற் கட்டடவேலை செய்யும் மகளிர், வண்டியில் ஊரெல்லாம் பொருள்கொண்டு சேர்ப்போர், மருத்துவமனையில் நோயாளியைச் சேர்த்துவிட்டு வெளியிற் காத்திருப்போர், தேர்வுக்குப் படிக்க வீட்டில் இடமில்லாத மாணவர். இவர்களுக்கு வேண்டும் வேளையிற் பூங்கா பூட்டியிருக்கின்றது. மரம் நண்பகலிற்றான் பெரிதும் உதவும். அவ்வேளையில் வாயிலை அடைத்துவைத்தல், அன்னசத்திரத்தை உணவுவேளையில் மூடுதலை ஒக்கும்.

கட்டணம். சிறப்பான காட்சிப் பூங்காக்களுக்கு ஒருசிறு கட்டணம் வாங்குதலைக் குறைகூறுவதற்கில்லை. கதீட்ரல் சாலையில் 2010-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட செம்மொழிப் பூங்காவைச் சான்றாகக் கூறலாம். ஏறத்தாழ 20 ஏக்கர் பரப்புள்ள அதனில் அரிய செடிகளைப் பேணும் செலவு மிகுதி. ஆனால் தெருவோரத் திடலுக்கு விலை குறிப்பது வேறுவகை. 2024-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், சென்னை மாநகராட்சிக்குரிய ஒன்பது கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் ஒப்படைத்து, ஆடுவோர் ஒவ்வொருவரும் மணிக்கு 120 ரூபாய் செலுத்துமாறு செய்யத் தீர்மானம் நிறைவேறியது. எதிர்ப்பு எழவே அத்தீர்மானம் சில நாட்களிலேயே கைவிடப்பட்டது. வடசென்னையின் சிறுதெருக்களிலிருந்து எத்தனையோ ஆட்டக்காரர்கள் எழுந்திருக்கின்றனர். நாளொன்றுக்கு இருமணி நேரம் பழகும் சிறுவன் மாதம் ஏழாயிரம் ரூபாய் கொடுக்கவல்லனா என்று கணக்கிட்டுப் பார்த்தால், அத்தீர்மானம் கைவிடப்பட்டது எத்துணை நன்று என்பது விளங்கும்.

அச்சமின்மை. ஒரு பூங்கா நல்ல பூங்காவா என்று அறிய விரும்பினால், மாலை ஆறுமணிக்குமேல் அங்கு எத்தனை பெண்கள் தனியே அமர்ந்திருக்கின்றனர் என்று எண்ணுதல் போதும். ஒளிகுன்றாத விளக்கு, தெருவிலிருந்து பார்வைக்கு எட்டும் பாதை, ஒன்றுக்கு மேற்பட்ட வாயில், துப்புரவான கழிப்பிடம், குடிநீர் ஆகியவை இருந்தால் அவ்வெண்ணிக்கை தானே உயரும். முதியோர்க்குச் சாய்மானமுள்ள இருக்கையும், உருளைநாற்காலியில் வருவோர்க்குச் சரிவுப்பாதையும், விழுந்தெழும் குழந்தைகளுக்கு ஊஞ்சலின்கீழ் மணற்பரப்பும் பெருஞ்செலவுடையன அல்ல.

கூட்டம். பூங்காவில் விழாவும் காட்சியும் நடத்துவோர்க்கு ஒரு வரலாற்று எச்சரிக்கை உண்டு. முற்கூறிய சென்னை மக்கள் பூங்காவில், 1886-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள் நடந்த சந்தைக்காட்சியில் தீ மூண்டு நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். மகிழ வந்தோரின் உயிருக்கு நிருவாகியே பொறுப்பாளி. எளிதில் தீப்பற்றும் பந்தலை விலக்குதலும், பல திசையிலும் அகன்ற வழிகளைத் திறந்துவைத்தலும் எஞ்ஞான்றும் மறக்கலாகாதவை.

6. மாணவர் செய்யத்தக்கது

இத்துணையும் கேட்டபின், இவையெல்லாம் நகரசபையார் கடமையன்றோ, கல்லூரி மாணவராகிய நாம் செய்வது யாது என்னும் வினா எழலாம். நாம் செய்யத்தக்க எளிய பணி ஒன்றுண்டு. அதற்குப் பணம் வேண்டுவதில்லை. குறிப்பேடும் எழுதுகோலும் பொறுமையும் போதும்.

நம் வீட்டுக்கு அண்மையிலுள்ள பூங்கா ஒன்றைத் தெரிந்துகொள்வோம். வேலைநாள் ஒன்றிலும் விடுமுறைநாள் ஒன்றிலும், காலை, நண்பகல், மாலை, இரவு ஆகிய நான்கு வேளைகளில் ஒவ்வொரு மணிநேரம் அங்கிருப்போம். வருவோரை ஆண், பெண், குழந்தை, முதியோர் என வகுத்து எண்ணுவோம். அவர்கள் நடக்கின்றனரா, அமர்கின்றனரா, ஆடுகின்றனரா என்று குறிப்போம். உடைந்த இருக்கை எத்தனை, எரியாத விளக்கு எத்தனை, நீர் வராத குழாய் எத்தனை என எண்ணுவோம். மரங்களின் பெயரை எழுதுவோம். அலுவலகத்தில் உள்ள வரைபடத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வாயிலாகப் பெற்று, வேலியின் எல்லை அதனோடு பொருந்துகின்றதா என அளந்து பார்ப்போம். 2005-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட அச்சட்டம் இத்தகைய பணிக்கு மிகவும் ஏற்றது.

இவ்வாறு எழுதிய கணக்கு ஆண்டுதோறும் தொடருமாயின், அது வெறும் புள்ளியாக நில்லாது, அப்பூங்காவின் வரலாறாகும். மக்கள் பூங்கா தேய்ந்தபோது, அதன் பரப்பை ஆண்டுதோறும் அளந்து வெளியிட்டு, இவ்வாண்டு இவ்வளவு குறைந்தது என்று ஊரறியக் கூறும் ஒரு மாணவர் சங்கம் இருந்திருக்குமாயின், நிலத்தைக் கொடுத்த கை சற்றேனும் தயங்கியிருக்கும் அன்றோ? காணாமற்போவதை எவரும் எண்ணாதவிடத்துத்தான் அது காணாமற் போகின்றது.

மேலும், குறைகூறுதலோடு நில்லாமல் கைகொடுத்தலும் வேண்டும். தோட்டக்காரரின் பெயரைக் கேட்டறிதல் நம் முதற்கடமை. நாடோறும் நாம் மிதிக்கும் பாதையைக் கூட்டுபவரின் பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? ஒப்பந்தக் கூலியாய், இன்று இவ்விடம் நாளை வேறிடம் என அலைக்கப்படும் தொழிலாளியிடம் மரத்தின்மேற் பற்றினை எதிர்பார்த்தல் பொருந்தாது. நிலையான வேலையும், தகுந்த கூலியும், செடிநூற் பயிற்சியும் அவருக்குக் கிடைக்கவேண்டும் என்று பேசுதலும் பூங்காவை வளர்க்கும் பணியேயாகும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், பூங்கா இருவகையில் அழியும் என்பது பெறப்பட்டது: நிலத்தைச் சிறிதுசிறிதாகக் கொடுப்பதனால் ஒன்று, நிலமிருந்தும் பேணாமையால் மற்றொன்று. முன்னதற்கு மருந்து, எல்லையும் சட்டமும் விழிப்புள்ள குடிமக்களும். பின்னதற்கு மருந்து, ஆண்டுதோறும் தவறாத பொருளும், இன்னார் பொறுப்பு என்னும் ஒழுங்கும், வேண்டுவோர்க்கு வேண்டும் வேளையில் திறந்திருக்கும் வாயிலும். இவ்விரண்டனுள் ஒன்று குறையினும் மற்றொன்று பயன்படாது.

செல்வர்க்கு வீட்டிலே தோட்டம் உண்டு. கோடையில் மலைக்குச் செல்ல வசதியும் உண்டு. ஒற்றை அறையில் ஐவர் வாழும் குடும்பத்திற்கு முற்றமும் தோட்டமும் மலையும் தெருமுனையிலுள்ள பூங்காவேயாகும். அதிலிருந்து எடுக்கப்படும் ஒவ்வொரு கோல் நிலமும் அக்குடும்பத்தின் வீட்டிலிருந்தே எடுக்கப்படுகின்றது என எண்ணுவோமாக. மரம் நடுவோர் அதன் முழு நிழலில் தாம் அமர்வதில்லை, ஆயினும் நடுகின்றனர். நமக்கு முன்னோர் நட்டதன் நிழலில் நாம் இருந்து கற்கின்றோம். நமக்குப் பின்வருவோர்க்கு அந்நிழல் குறையாமல் ஒப்படைத்தல் கற்றோர் கடனாகும்.